கொய்யா இலையில் பச்சைப் புள்ளி

1991ஆம் வருஷம் ஐந்தாம் வகுப்பின் முதல் அறிவியல் பரீட்சையில் எனக்கு இருபத்தைந்துக்கு ஆறு மதிப்பெண்.

‘செடி வளரத் தேவையான சத்துகள் யாவை?’ என்று ஒரு கேள்வி. ‘சோறு, குழம்பு, வெயில்’ என்று எழுதியிருந்தேன். வெயிலுக்கு மட்டும் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போட்டிருந்தார் யதுகிரி டீச்சர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சுளா என் தாளை எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

“தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. மூணே மூணு பேருடி காவேரி! இதுகூட ஞாபகம் வெச்சிக்க முடியாதா?”

“அதான் நீ பக்கத்துல கீறியே. எனக்கு எதுக்கு ஞாபகம்?” என்றேன்.

எப்போதும் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். ஆனி மாதக் கடைசியில் ஒரு வேன் நிறைய மரக்கன்றுகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. வகுப்பில் முப்பத்தொரு பேர். வேலியோரமாக ஆளுக்கு ஒரு குழி, ஆளுக்கு ஒரு செடி. மஞ்சுளா கொய்யாவைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேம்பு கிடைத்தது.

குழிக்கு மண் தள்ளும்போதே அவள் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “மொதப் பழம் எனக்கு. ரெண்டாவது பழமும் எனக்கு. அணில் கடிச்சிப் போட்டது உனக்கு.”

“அணில் கடிச்சதுதான்டி இனிப்பா இருக்கும்.”

“அப்படியா? அப்ப அதுவும் எனக்கு. நீ வேப்பம்பழம் துன்னு.”

மஞ்சுளாவின் அப்பா நடேசன் மாமா நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் வேலை பார்த்தார். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட தகட்டுத் துண்டுகளைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, குச்சியில் கம்பியால் தகட்டைக் கட்டினோம். முப்பத்தொரு பெயர்கள் காற்றில் டிங் டிங் என்று ஆடின.

ஆடி மாதம் முதல் வாரத்தில் மஞ்சுளாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்களாம். ஆறாம் நாள் அவளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அவள் வரவில்லை, கொண்டு வந்தார்கள்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். லீவு என்றால் கூரை பறக்கக் கத்துகிற எங்கள் வகுப்பு, அன்று சத்தமே இல்லாமல் வீட்டுக்குப் போனது.

மறுநாள் பெஞ்சில் என் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. என் பையை அங்கே வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மஞ்சுளாவின் அம்மா அம்சவல்லி அத்தை மறுபடி களையெடுக்கப் போக ஆரம்பித்தார். போகிற வழியில், மதிய மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். வேலி இடுக்கில் கையை விட்டு, தூக்குச்சட்டியில் கொண்டு வந்த தண்ணீரைக் கொய்யாவுக்கு ஊற்றுவார். தகட்டை ஒரு தடவை தொடுவார். போய்விடுவார். யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் ஒவ்வொரு நாளும் அவர் எதிரில் போய் நிற்பேன். என்ன பேசுவது என்று தெரியாமல் என் வேப்பஞ்செடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்ட வேப்பஞ்செடி எங்கள் தாலுகாவிலேயே இருந்திருக்காது.

ஆகஸ்டு பதினைந்து வந்தது. கொடியேற்றத்துக்காகப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்புக் கல்லைப் பாதியாக வெட்டிய டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதகொதவென்று கொதித்தது. மீந்த சுண்ணாம்பை எங்களிடம் கொடுத்து, செடிகளைச் சுற்றிக் கல் அடுக்கி வெள்ளையடிக்கச் சொன்னார்கள்.

எல்லோரும் தங்கள் செடிக்கு ஒரு பூச்சு பூசினார்கள். மஞ்சுளாவின் செடிக்கு நான் பூசினேன். எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. கல்லுக்குப் பூசினேன். கல்லுக்கு இடையில் பூசினேன். தூரைச் சுற்றி மண் மேலும் ஊற்றிக் கையாலேயே மெழுகிவிட்டேன். பார்த்தால் பால் கிண்ணத்துக்குள் செடி நின்ற மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் அத்தை வந்தார். பார்த்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

“யாரு கண்ணு இத்தப் பண்ணது?”

“நான்தான் அத்தை.”

“பளிச்சுனு கீது. அவளுக்கு வெள்ளைன்னா உசுரு.”

ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தவர் பேசிய முதல் பேச்சு அது. அதைக் கேட்க நான் கிணறு வேண்டுமானாலும் வெட்டியிருப்பேன். சுண்ணாம்பு எந்த மூலைக்கு? டிரம்மில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சுளா செடிக்குச் சுண்ணாம்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை “பளிச்சுனு கீது கண்ணு” என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் அடுத்த வெள்ளி வரைக்கும் ஓட்டிவிடுவேன்.

புரட்டாசி மாதத்தில் கொய்யா வெளுக்க ஆரம்பித்தது.

பழைய இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. புதிதாக வந்த துளிர்தான் மஞ்சளாக வந்தது. அதற்கடுத்த துளிர் இன்னும் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. இலையின் நரம்புகள் மட்டும் பச்சைப் பென்சிலால் கோடு போட்டது போலத் தெரிந்தன. அடுத்த குழியில் இருந்த ஜீவானந்தத்தின் மாங்கன்று கொழுகொழுவென்று நின்றது.

“என் செடியப் பாத்தியா? எங்க ஆயா மாதிரி கீது,” என்றான் ஜீவானந்தம். பிறகு கொய்யாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அத்தை அந்த வெளுத்த துளிரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கடேசியில அவளும் இப்படித்தான் கண்ணு வெளுத்துப் போயிருந்தா,” என்றார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. களையெடுக்கப் போகிறவர், பள்ளிக்கூடத் தெருவை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று அம்மா சொன்னார்.

“ஏம்மா?”

“தன் கை பட்டா எல்லாம் பட்டுப் போவுதாம். பெத்ததும் போச்சி, ஊத்துனதும் போவுதுன்னு சொல்லி அழுவுது. நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்குது.”

அன்று இரவு நான் சோற்றை மிச்சம் வைத்ததைப் பார்த்து அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த வருஷம் ஊரில் எல்லா அம்மாக்களும் அடிக்கடி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

செடியைப் பிழைக்க வைத்துவிட்டால் அத்தை வருவார் என்று நினைத்தேன். வைத்தியத்தை ஆரம்பித்தேன். முதலில் அரிசி கழுவின தண்ணீர். பிறகு சத்துணவில் போட்ட முட்டையின் ஓடுகளை வகுப்பு முழுக்கக் கெஞ்சி வாங்கி, நொறுக்கித் தூரில் போட்டேன். செடி அசையவில்லை.

“யூரியாதான் வேணும். எங்க அப்பா ஒரு கை போட்டா நெல்லு அப்படியே கரும்பச்சையாயிடும்,” என்றான் ஜீவானந்தம்.

“ஒரு கைன்னா ஒரு செடிக்கா?”

“அது தெரியல. ஆனா ஒரு கை.”

ஒரு கை போட்டேன். சின்னக் கைதானே என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். மூன்றாம் நாள் பழைய இலைகளின் ஓரமெல்லாம் தீயில் காட்டிய அப்பளம் போலக் கருகிவிட்டது. அதுவரை பச்சையாக இருந்தவை அவைதான்.

வெள்ளிக்கிழமை பெரிய சார் வேலியோரமாக நடந்து வந்தார். கையில் நோட்டு. செத்துப்போன செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்க, திங்கட்கிழமை வேன் வருகிறதாம். காய்ந்துபோன ஒரு பூவரசுக்கு முன்னால் நின்று எழுதினார். அடுத்து மஞ்சுளா செடிக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு, பெயரை வாய்விட்டுப் படிக்காமல், எழுதிக்கொண்டார்.

செடி போனால் குச்சி போகும். குச்சி போனால் தகடு போகும். தகட்டில் வேறு யார் பெயராவது வரும்.

“என் செடி குச்சில மஞ்சுளா தகட்டை மாட்டிடலாம். எனக்கு எதுக்கு தகடு? என் செடிய எல்லாருக்கும் தெரியும்,” என்றான் ஜீவானந்தம்.

அவன் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினேன். “அவ நட்டது கொய்யாடா.”

சனிக்கிழமை காலையில் வெளுத்த இலை ஒன்றையும் கருகின இலை ஒன்றையும் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஜீவானந்தம் வாடகை சைக்கிள் எடுத்து வந்தான். சீட்டில் உட்கார்ந்தால் அவனுக்குக் கால் எட்டாது. கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டான். நான் பின்னால் உட்கார்ந்தால் சைக்கிள் சாய்ந்தது, இறங்கினால் ஓடியது. ஆகவே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அவன் சைக்கிளில் போனான், நான் அவனோடு ஓடினேன்.

கடைத்தெருவில் கண்ணப்பன் அண்ணன் உரக்கடை. அவர் மூட்டை மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, நெல்லா கடலையா? எத்தினி ஏக்கர்?”

“கொய்யா அண்ணே. ஒரு செடி.”

“ஒரு செடியா! அப்ப லாரி வேணாம்,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி காப்பியைக் குடித்தார்.

மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. ‘உங்கள் பயிருக்கு என்ன பசி?’ என்று தலைப்பு. கீழே வரிசையாக இலைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நோஞ்சானாக இருந்தது. நான் நோட்டைத் திறந்து என் இலையை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன்.

அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. இல்லை, எங்கள் செடியில் நுனி இலைதான். இலை ஊதாவாகச் சிவந்தால் மணிச்சத்துப் பசி. அதுவும் இல்லை. ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல் சத்துப் பசி. ஓரம் காய்ந்த இலை என்னிடமும் இருந்தது. ஆனால் அது பசி இல்லை, என் யூரியா.

மஞ்சுளா சொன்ன மூன்று பேரும் முடிந்துவிட்டார்கள். படத்தில் இன்னும் வரிசை இருந்தது. துத்தநாகம், மெக்னீசியம், இன்னும் என்னென்னவோ. கடைசிக்கு முந்தின இலை அப்படியே என் கையில் இருந்த இலை. வெளுத்த உடம்பு, பச்சை நரம்பு. பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘இரும்புச்சத்துப் பசி. இளம் இலைகளில் முதலில் தோன்றும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் காணப்படும்.’

இன்னொரு தடவை படித்தேன். கடைசி வரி மாறவில்லை.

“அண்ணே, சுண்ணாம்பு இருந்தா இன்னா ஆவும்?” என்று கேட்டேன்.

“மண்ணுல இரும்பு இருக்கும்மா. ஆனா வேரால எடுத்துக்க முடியாது. சுண்ணாம்பு அத்தப் பூட்டி வெச்சிடும்,” என்றார் அவர். “ஏன், செடிகிட்ட சுண்ணாம்பு கொட்டினாங்களா யாராச்சும்?”

ஜீவானந்தம் என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன்.

கண்ணப்பன் அண்ணன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டப்பாவிலிருந்து வெளிர்பச்சையாக உப்பு மாதிரி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “அன்னபேதி. இரும்பு உப்பு. கடலைக்கு வாங்குவாங்க. மொதல்ல அந்தச் சுண்ணாம்பு மண்ண வாரிப் போட்டுட்டு வேற மண்ணு போடு. இத்த இலை மேல தெளி. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு சின்ன ஸ்பூன். நாலு சொட்டு எலுமிச்சம் சாறு வுடு, இல்லன்னா துருப்பிடிச்ச மாதிரி ஆயிடும். ஸ்பூன் தெரியுதா? கை இல்ல. ஸ்பூன்.”

என்னைப் பற்றி அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது நேராகப் பள்ளிக்கூட வேலிக்குப் போனேன். வெள்ளைக் கற்களுக்கு வெளியே புல் பச்சைப்பசேலென்று இருந்தது. கற்களுக்கு உள்ளே முளைத்திருந்த ஒன்றிரண்டு புல்லும் வெளுத்துப்போய் நின்றது. இரண்டு மாதமாக என் கண் எதிரில்தான் இருந்திருக்கிறது. முட்டை ஓட்டிலும் இருப்பது சுண்ணாம்புதான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கே தெரியாமல் போனது நல்லதாயிற்று.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. யாரும் இருக்க மாட்டாங்க,” என்றான் ஜீவானந்தம். “நாமளே சுரண்டிட்டு மருந்து தெளிச்சிடலாம். நீதான்னு யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன்.”

நல்ல யோசனை. உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. வீடு வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசலில் வந்ததும் இன்னொன்று தோன்றியது. செடி பிழைத்துவிட்டால் அத்தை என்ன நினைப்பார்? ‘நான் போகிறதை நிறுத்தினேன், என் கை படவில்லை, அதனால் பிழைத்தது’ என்றுதானே நினைப்பார்?

நான் வீட்டுக்குள் போகவில்லை.

அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடேசன் மாமா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னா கண்ணு? அம்மா அனுப்பிச்சாளா?”

“இல்ல அத்தை. நானா வந்தேன்.”

வழியெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் அங்கே கொட்டிப் போயின. “அத்தை, செடி. அது உங்க கை இல்ல. என் கை. சுண்ணாம்பு அத்தை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. ஒன்பது தடவ. இரும்பைப் பூட்டிடுச்சி. உரக்கடைல படம் கீது. யூரியாவும் நான்தான்.”

அத்தை கீரையைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் திரும்ப, மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இலையைக் காட்டினேன்.

“நான் பளிச்சுனு கீதுன்னு சொன்னேனே,” என்றார். “அதுக்காவா கண்ணு?”

தலையை ஆட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அத்தை தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் கையி இல்லியா?”

“இல்ல அத்தை.”

அத்தை விரலில் ஒட்டியிருந்த கீரையைத் துடைத்தார். பிறகு, என்னிடமா தன்னிடமா என்று தெரியாத குரலில் சொன்னார். “காய்ச்சலுக்கு மொத நாளு, வெள்ளிக்கிழமன்னு எண்ணெ தேச்சி அவளுக்குத் தலைக்கு ஊத்தினேன். வேணாம்மா குளுருதுன்னா. நான்தான் கேக்கல. அதுவும் என் கையி இல்லியா கண்ணு?”

டாக்டருக்கே தெரியுமோ என்னவோ. ஆறு மதிப்பெண் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா அது?

“எனக்குத் தெரியல அத்தை,” என்றேன். “ஆனா அன்னிக்கு எங்கம்மாவும் எனக்குத் தலைக்கு ஊத்துச்சி. நானும் குளுருதுன்னு கத்தினேன். ஊர்ல எல்லா அம்மாவும் வெள்ளிக்கிழம ஊத்தினாங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலியே அத்தை.”

அத்தை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் அழுதார். அதுவரை நான் பார்த்த அழுகைகளில் எல்லாம் கூட்டம் இருந்தது, சத்தம் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த கீரையை ஆய ஆரம்பித்தேன். காம்பைப் போடுகிற இடத்தில் இலையையும், இலையைப் போடுகிற இடத்தில் காம்பையும் போட்டேன். அவர் அழுதுகொண்டே அதைச் சரிசெய்தார்.

நிமிர்ந்து பார்த்தால் நடேசன் மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது எழுந்தாரோ.

“மண்வெட்டி எங்க கீது?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலியோரத்தில் நாங்கள் நாலு பேர். மாமா வேர் அறுபடாமல் சுற்றிலும் வெட்டி, வெள்ளை மண்ணையெல்லாம் கூடை கூடையாக எடுத்தார். நானும் ஜீவானந்தமும் ஏரியிலிருந்து வண்டல் மண் சுமந்தோம். அவன் தன் வீட்டு எருக்குழியிலிருந்து ஒரு கூடையும் கொண்டு வந்தான். வந்தவன் கால்சட்டைப் பையிலிருந்து நாலு துருப்பிடித்த ஆணிகளை எடுத்தான்.

“மாமா, இத்தயும் பொதைச்சா இரும்பு கெடைக்கும்ல?”

“டேய், எங்க கம்பெனி பூரா இரும்புதான்,” என்றார் மாமா. “அங்க ஒரு புல்லுகூட மொளைக்கலடா.” அவர் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்புக்குப் பக்கத்தில் போனது அன்றுதான்.

பிறகு தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “முப்பத்தோரு தகடு குத்தினேன். ஒண்ணக்கூடக் கழட்ட வுட மாட்டேன்.”

ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சின்ன ஸ்பூன் அன்னபேதி. அதை அத்தைதான் அளந்தார். என்னை யாரும் ஸ்பூனைத் தொட விடவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்தார். தெளிப்பதற்கு வேப்பங்கொத்து ஒன்றை என் செடியிலிருந்தே ஒடித்தேன். அதுவும் ஏதாவது செய்யட்டுமே.

“தெளி கண்ணு,” என்றார் அத்தை.

“நான் இல்ல. நீங்க தெளிங்க.”

“நான் வேணாம்டி.”

“நீங்கதான் தெளிக்கணும் அத்தை.”

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தலையசைத்தார். அத்தை கொத்தை நனைத்து உதறினார். பாதி இலை மேல் விழுந்தது. பாதி என் வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது. துருக்கறை. கடைசி வரைக்கும் போகவில்லை. அம்மா திட்டின திட்டும்தான்.

திங்கட்கிழமை வேன் வந்தது. பெரிய சார் நோட்டோடு வந்தார். நான் செடிக்கு முன்னால் போய் நின்றேன்.

“சார், இது சாகல சார். பசி.”

சார் என் சட்டையைப் பார்த்தார். புது மண்ணைப் பார்த்தார். இன்னும் வெளுப்பாகவே இருந்த செடியைப் பார்த்தார். யதுகிரி டீச்சர் அவர் பக்கத்தில் வந்து, “இவ அறிவியல்ல இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல சார்,” என்றார்.

“தீபாவளி லீவு முடியட்டும், பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டு, சார் நோட்டில் எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு பகலில் அத்தை இன்னொரு தடவை தெளித்தார். அவ்வளவுதான். அதற்குமேல் பள்ளிக்கூடமும் லீவு.

தீபாவளி அன்று மஞ்சுளா வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சாவு விழுந்த வருஷத்தில் அந்த வீட்டில் பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். அம்மா ஒரு தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் வைத்து என்னை அனுப்பினார். போகிற வழியில் ஒரு முறுக்குக் குறைந்தது. மஞ்சுளா இருந்தால் இரண்டு குறைந்திருக்கும்.

அத்தை தூக்கை வாங்கி உள்ளே வைத்தார். வாசலில் ஆடி மாதத்திலிருந்து கோலம் இல்லை. வெறும் சாணம் தெளித்த தரை.

“வா கண்ணு, போயிப் பாத்துட்டு வரலாம்,” என்றார்.

தெருவெல்லாம் வெடிச் சத்தம். பள்ளிக்கூட வேலியோரம் மட்டும் சத்தமில்லை. ஈரத்தில் தகடுகள் ஆடாமல் தொங்கின.

கொய்யாவில் ஒரு புதுத் துளிர் வந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். பச்சை.

அதைவிட இன்னொன்று. வெளுத்துப் போயிருந்த இலைகளில் அங்கங்கே பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். இலை முழுக்க மாறவில்லை. வேப்பங்கொத்திலிருந்து துளி விழுந்த இடத்தில் மட்டும், துளி அளவுக்கு, பச்சை பிடித்திருந்தது. துளி விழாத இடம் வெள்ளையாகவே இருந்தது.

அத்தை வேலி இடுக்கில் கையை விட்டு, ஒரு இலையை உள்ளங்கையில் ஏந்தினார்.

“உங்க கை பட்ட எடம் அத்தை,” என்றேன். “எங்கெங்க பட்டுதோ அங்கங்க மட்டும்.”

அத்தை ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டார். உதடு எண்ணிக்கொண்டே போனது. பதினேழிலோ பதினெட்டிலோ நின்றது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு இலை மேல் விழுந்தது.

“அவ புள்ளி வெச்சா இப்படித்தான் கோணக்கோணலா வெப்பா,” என்றார். “நான் பின்னாலயே போயி இழுத்து இழுத்துக் கோடு போட்டு நேராக்குவேன்.”

அவள் கோலத்தில் யானை எது, மயில் எது என்று எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது.

“நாளைக்கு வாசல்ல சின்னதா ஒண்ணு போடலாமா கண்ணு? நீ புள்ளி வெக்கிறியா?”

“வெக்கிறேன் அத்தை. அவள விடக் கோணலா வெப்பேன்.” பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். “ஆனா கோலமாவு வாசலோட நிக்கட்டும். செடிப் பக்கம் மட்டும் கொண்டு வந்துடாதீங்க. அதுவும் வெள்ளையா கீது.”

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை, கடைசியில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது, அப்படியே மஞ்சுளாவைப் போல.